கடைமடைக்குச் சேரும் கட்டளை



பிழைப்பின் நிமித்தம் பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்கள் கையோடு கொண்டு வந்த செல்வங்களுள் சங்கீதத்துக்குத் தனி இடம் உண்டு. டில்லியின் கரோல் பாக்கிலும் மும்பையின் மாதுங்காவிலும் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில், மாலை வேளையில் ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து சுருதிப் பெட்டியின் ஓசை கேட்பது வழக்கம். இன்று அந்தச் சுருதி பெரும்பாலும் கைபேசியிலிருந்தோ கணிப்பொறியிலிருந்தோ எழுகின்றது. பாட்டைப் பதிவு செய்வதற்கும் பெரிய ஒலிப்பதிவு நிலையத்தை நாட வேண்டுவதில்லை. அமைதியான ஓர் அறையும், ஒரு மைக்கும், ஒரு கணிப்பொறியும் இருந்தால் போதும்.

இவ்வாறு வீட்டிலேயே பதிவு செய்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் ஓர் இடத்தைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். இசைப் பதிவு மென்பொருளுக்குள் ஒரு கருவி மற்றொரு கருவிக்குக் கட்டளை அனுப்புவது எவ்வாறு? அந்தக் கட்டளை வழியில் தவறிப் போவது ஏன்? தவறாமல் சேர்ப்பிப்பது எங்ஙனம்? பொருள் சற்று வறண்டதாகத் தோன்றக் கூடும். ஆயினும், இதனை உரிய காலத்தில் உணராததால் நாங்கள் இழந்தது ஒன்று உண்டு. ஆகவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

நாங்கள் நாக்பூரில் வாழும் நால்வர். எங்கள் குடியிருப்பில் எண்பத்து நான்கு வயதான பாட்டி ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். 1961ஆம் ஆண்டு ரயில்வேயில் பணியாற்றிய கணவருடன் இவ்வூருக்கு வந்தவர். எங்கள் குழந்தைகளுள் பலரை மடியில் போட்டுத் தாலாட்டியவர் அவரே. அந்தத் தாலாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருடைய தாயார் பாடக் கேட்டு அவர் கற்றது. அதற்கு மூன்று கண்ணிகள் உண்டு. மூன்றாவது கண்ணியைத் தனியே சொல்லச் சொன்னால் அவருக்கு நினைவு வராது; முதலிரண்டையும் பாடிக்கொண்டே வரும் ஓட்டத்தில்தான் அது தானாக வந்து நாவில் நிற்கும். அதனைப் பதிவு செய்து வைக்க வேண்டுமென்று நாங்கள் தீர்மானித்தோம்.

பாட்டிக்குச் சுருதி இல்லாமல் பாட வராது. எனவே கணிப்பொறியில் தம்புரா ஒன்றை அமைத்தோம். அத்துடன் நில்லாமல் எங்களுக்கு ஒரு பேராசை உண்டாயிற்று. பாட்டியின் குரல் தணியும்போது தம்புராவும் தணிய வேண்டும். குரல் எழும்போது தம்புராவின் நாதமும் பொலிவு பெற்று எழ வேண்டும். நல்ல தம்புராக் கலைஞர் ஒருவர் பாடகரின் பின்னால் அமர்ந்து மீட்டுவது போல் அது அமைய வேண்டும் என்று விரும்பினோம். அதற்காகவே கருவிக்குக் கருவி கட்டளை அனுப்பும் ஏற்பாட்டில் இறங்கினோம்.

அந்த ஏற்பாட்டின் அடிப்படை மிடி என்னும் முறை. தமிழில் மிடி என்ற சொல்லுக்கு வறுமை என்று பொருள். இந்த மிடியோ உலகெங்கும் இசைக் கலைஞர்களின் கைக்கு எட்டாதிருந்த வசதிகளை எட்டச் செய்த ஒன்று. 1981ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த டேவ் ஸ்மித் என்பவர், வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொதுவான மொழி ஒன்று வேண்டுமென்று பொறியாளர் சங்கம் ஒன்றின் முன் யோசனை கூறினார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குத்தாரோ காக்கேஹாஷியும் அதே நோக்கத்துடன் உழைத்தார். 1983ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த இசைக் கருவிக் கண்காட்சியில், இரு வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க மற்றொன்றும் ஒலித்தது. அதே ஆண்டில் அதற்கான விதிமுறைகளும் வெளியாயின. இவ்விருவருக்கும் 2013ஆம் ஆண்டு தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது அளிக்கப்பட்டது.

மிடியைப் பற்றி முதலில் தெளிய வேண்டுவது ஒன்று உண்டு. அதன் வழியாக ஓசை செல்வதே இல்லை. செல்வது கட்டளை மட்டுமே. ஸ்வரப்படுத்தி எழுதிய தாளில் ஓசை இல்லை. வித்துவான் கையில் எடுத்து வாசிக்கும்போதுதான் அது பாட்டாகிறது. மிடியும் அத்தகையதே. ‘இந்த ஸ்வரத்தை இவ்வளவு அழுத்தத்துடன் தொடங்கு’, ‘அதனை நிறுத்து’, ‘ஓசையை இவ்வளவுக்கு உயர்த்து’ என்பன போன்ற கட்டளைகள் எண்களாகச் செல்கின்றன. பெறுகின்ற கருவி அவற்றை ஓசையாக்குகிறது.

இக்கட்டளைகளுள் ஒரு வகைக்குக் கண்ட்ரோலர் கட்டளை என்று பெயர். இஃது மூன்று எண்களால் ஆனது. முதல் எண், இது எவ்வகைக் கட்டளை, எந்தச் சானலுக்கு உரியது என்பதைச் சொல்லும். சானல்கள் மொத்தம் 16. இரண்டாவது எண், எந்தக் குமிழைத் திருப்ப வேண்டும் என்பதைக் குறிக்கும். 7 என்றால் ஓசையின் பொது அளவு. 10 என்றால் இடம் வலம் என்னும் திசை. 11 என்றால் வாசிப்பின் ஏற்றத் தாழ்வு. 64 என்றால் நாதத்தை நீட்டும் மிதி. மூன்றாவது எண், அந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது என்பது. அது 0 முதல் 127 வரை இருக்கலாம். கடிதத்தின் மேல் தெருவும், வீட்டு எண்ணும் எழுதி உள்ளே செய்தியை வைப்பது போன்ற ஏற்பாடு இது. தெருவோ வீட்டு எண்ணோ தவறினால் செய்தி எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை.

பழைய நாளில் இக்கட்டளைகள் கம்பி வழியே விநாடிக்கு 31,250 துணுக்குகள் என்னும் வேகத்தில் சென்றன. ஒரு கண்ட்ரோலர் கட்டளை சென்று சேர ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி ஆகும். இன்று கருவிகளும் கம்பிகளும் கணிப்பொறிக்கு உள்ளேயே வந்துவிட்டன. அங்கே அந்த வேக வரம்பு இல்லை. மென்பொருளுக்குள் செருகிப் பயன்படுத்தும் சிறு மென்பொருள்களைப் பிளகின் என்கிறோம். தம்புரா ஒரு பிளகின். எதிரொலி சேர்ப்பது ஒரு பிளகின். குரலின் கனத்தையும் மென்மையையும் திருத்தும் ஈக்வலைசர் ஒரு பிளகின். ஸ்டைன்பர்க் என்னும் ஜெர்மானிய நிறுவனம் 1996ஆம் ஆண்டு இதற்கென ஒரு முறையை வெளியிட்டது. 1999ஆம் ஆண்டு வந்த அதன் இரண்டாம் பதிப்பில், பிளகின்கள் மிடிக் கட்டளைகளைப் பெறவும் வழி பிறந்தது.

மென்பொருளில் ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தடம் உண்டு. அந்தத் தடத்தில் பிளகின்கள் வரிசையாக நிற்கும். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. தடம் ஒரு வாய்க்கால். பிளகின்கள் அதன் கரையில் உள்ள வயல்கள். தண்ணீர் மேலிருந்து கீழ்நோக்கியே பாயும். மேல்மடைக்காரர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டால்தான் கடைமடை நனையும். மேலே அடைத்துக்கொண்டால் கடைமடை காய்ந்துபோகும். மிடிக் கட்டளைக்கும் இதே நியதிதான். சில பிளகின்கள் வந்த கட்டளையை அப்படியே கீழே விடுகின்றன. சில அதனை விழுங்கிவிடுகின்றன. அன்றியும், வரிசையில் கீழே நிற்கும் பிளகின் அனுப்பும் கட்டளை மேலே நிற்பதற்குத் தானாகச் செல்லாது. பெறுபவர் கீழேயும் அனுப்புபவர் மேலேயும் இருத்தல் வேண்டும்.

எங்கள் ஏற்பாட்டைச் சொல்கிறோம். பாட்டியின் குரல் தடத்தில், ஓசையின் அளவைக் கண்டு அதற்கேற்ற எண்ணை மிடிக் கட்டளையாக வெளியிடும் பிளகின் ஒன்றை முதலில் வைத்தோம். அதற்குக் கீழே ஈக்வலைசர். குரல் தடத்தின் முடிவிலிருந்து தம்புராத் தடத்துக்கு மிடிக் கட்டளை மட்டும் செல்லும்படி ஒரு கிளை வாய்க்கால் வெட்டினோம். தம்புராவில் 11ஆம் கண்ட்ரோலருக்கு ஓசையின் அளவையும் நாதத்தின் பொலிவையும் சேர்த்துப் பிணைத்தோம். ஓசையை மட்டும் ஏற்றி இறக்குவதற்கு இதைவிட எளிய வழி உண்டு. நாதத்தின் தன்மையும் உடன் மாற வேண்டும் என்பதாலேயே இவ்வளவு பாடு.

சனிக்கிழமை இரவு சோதித்துப் பார்த்தோம். நாங்கள் பாடப் பாடத் தம்புரா சற்றும் அசையவில்லை. சானலை மாற்றினோம், எண்ணை மாற்றினோம், மென்பொருளை மூடித் திறந்தோம். நடுநிசி கடந்த பின்னரே ஓர் உபாயம் தோன்றியது. வரும் கட்டளைகளை எண்ணாகக் காட்டும் சிறு பிளகின் ஒன்று உண்டு. அதனை ஒவ்வொரு மடையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். அளவைக் காணும் பிளகினுக்குக் கீழே எண்கள் ஓடின. ஈக்வலைசருக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஈக்வலைசர் ஓசையைத் திருத்தும் கருவி. தனக்கு வேண்டாத கட்டளையைக் கீழே விட வேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை. அதனை மேலேயும், அளவைக் காணும் பிளகினைக் கீழேயும் மாற்றி வைத்தோம். அடுத்த கணமே தம்புரா குரலுக்கு இசைந்து எழுந்தது, தணிந்தது. மூடிய மதகைத் திறந்ததும் பாய்ந்து வரும் தண்ணீரைக் கண்ட குடியானவரைப் போல் மகிழ்ந்தோம். எங்களில் ஒருவர் அந்த மகிழ்ச்சியில் உரத்த குரலில் ஒரு சினிமாப் பாட்டை முழுவதும் பாடினார். தம்புரா அழகாக உடன் வந்தது. சோதனை முடிந்தது என்று உறங்கப் போனோம்.

மறுநாள் காலை பாட்டி வந்து அமர்ந்தார். ஹெட்போனை அணிவித்தோம். முதல் கண்ணியை மெல்லப் பாடினார். இரண்டாவதையும் பாடி முடித்தார். மூன்றாவதைத் தொடங்குமுன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் அறையில் ஓசையே இல்லை. அளவைக் காணும் பிளகின் தன் கடமையைத் தவறாமல் செய்தது. ஓசை இல்லை, ஆகவே எண் 0. அந்த 0, மடை மடையாக இறங்கி, பழுதில்லாமல் தம்புராவைச் சேர்ந்தது. தம்புரா நின்றுவிட்டது. பாட்டி கண்ணைத் திறந்தார்.

“சுருதி எங்கே போயிற்று, குழந்தைகளே?” என்றார்.

நாங்கள் பதறி எதையோ திருப்பினோம். தம்புரா மீண்டும் ஒலித்தது. ஆனால் மூன்றாவது கண்ணி வரவில்லை. பாட்டி இரு முறை முயன்றார். “இதோ இங்கே வந்து நின்றது, போய்விட்டது” என்று உதட்டைத் தொட்டுக் காட்டினார். அன்று அவ்வளவுதான்.

சேராத கட்டளை எங்களை ஓர் இரவு அலைக்கழித்தது. முறையாகச் சேர்ந்த கட்டளையே எங்களைத் தோற்கடித்தது. எங்கள் பிழை எங்கே என்பதை அன்று மாலை அமர்ந்து சிந்தித்தோம். சினிமாப் பாட்டைப் பாடிச் சோதித்தவர் ஓரிடத்திலும் நிற்கவில்லை. மூச்சு வாங்கவும் இல்லை. பாட்டி பாடுவதைப் போல் நாங்கள் பாடிப் பார்க்கவில்லை. மேலும், 11ஆம் கண்ட்ரோலரில் 0 என்பதற்கு ‘மெதுவாக’ என்பது பொருளன்று. ‘மௌனம்’ என்பதே பொருள். எங்களுக்கு வேண்டியிருந்தது 0 முதல் 127 வரை உள்ள முழு வீச்சு அன்று. எந்நிலையிலும் சுருதி கேட்கும்படி ஒரு கீழெல்லையும், குரலை மூடாதபடி ஒரு மேலெல்லையும் வேண்டியிருந்தன.

பரிகாரம் எளிதே. இரண்டு பிளகின்களுக்கும் நடுவே, வரும் எண்ணை மாற்றி அனுப்பும் சிறு பிளகின் ஒன்றைச் சேர்த்தோம். கிடைத்த எண்ணை 127ஆல் வகுத்து, 40ஆல் பெருக்கி, 70ஐக் கூட்டும்படி அமைத்தோம். இனிக் குரல் முற்றிலும் நின்றாலும் தம்புரா 70இல் நிற்கும். எவ்வளவு உயர்ந்தாலும் 110ஐத் தாண்டாது. குரலின் சிறு அசைவுக்கெல்லாம் தம்புரா நடுங்காதிருக்கும் பொருட்டு, அளவு அரை விநாடியில் மெதுவாக மாறும்படியும் செய்தோம்.

இத்தகைய ஏற்பாடுகளில் இறங்கும் நேயர்களுக்கு வேறு சில குறிப்புகளும் பயன்படும்.

மிடிக் கட்டளைக்குக் காலாவதி கிடையாது. கடைசியாக வந்த எண்ணையே கருவி பிடித்துக்கொண்டிருக்கும். பாட்டை நடுவில் நிறுத்தி மீண்டும் தொடங்கினால், பழைய எண்ணே ஆட்சி செய்வதைக் காணலாம். ஆகையால் தடத்தின் தொடக்கத்திலேயே வேண்டிய எண்ணை ஒரு முறை எழுதி வைப்பது நலம்.

இரண்டு தடங்கள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும்படி அமைத்தால், கட்டளை சுற்றிச் சுற்றி வரும். ரீப்பர் போன்ற மென்பொருள்கள், நாமாக அனுமதி அளித்தாலன்றி இவ்வாறு சுழல விடுவதில்லை. அனுமதி அளிக்குமுன் காரணம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். அதே மென்பொருளில், ஒரு பிளகின் வெளியிடும் கட்டளையை முன்னே வந்த கட்டளைகளோடு சேர்ப்பதா, அவற்றுக்குப் பதிலாக வைப்பதா என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். மிடியே இல்லாமல், ஒரே தடத்தில் உள்ள ஒரு பிளகினின் குமிழை மற்றொன்றின் குமிழோடு நேரே பிணைக்கவும் அங்கு வழி உண்டு. 2008ஆம் ஆண்டு வெளிவந்த வி.எஸ்.டி. மூன்றாம் பதிப்பில், கண்ட்ரோலர் கட்டளைகள் பிளகினுக்கு நேரே போவதில்லை. மென்பொருள் அவற்றைப் பிளகினின் குமிழ்களுக்கான மாற்றங்களாக்கித் தருகிறது. ஆதலின் பழைய பதிப்பில் நன்றாக நடந்த ஏற்பாடு புதியதில் நடவாமற் போனால், பிழை நம்முடையது என்று உடனே முடிவு செய்ய வேண்டுவதில்லை.

கர்நாடக சங்கீதத்தைக் கணிப்பொறியில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கமகத்துக்காக ஸ்வரத்தை வளைக்கும் கட்டளை ஒன்று மிடியில் உண்டு. அது 128 படிகளோடு நிற்பதன்று. 16,384 படிகள் உடையது. நடுவில் உள்ள 8,192 என்பதே வளையாத நிலை. பெரும்பாலான கருவிகள் இதனை மேலும் கீழும் இரண்டு அரைஸ்வர அளவுக்குப் பொருள் கொள்கின்றன. நீண்ட ஜாருவுக்கு அது போதாது. அனுப்பும் பிளகினில் அந்த எல்லையைப் பன்னிரண்டாக வைத்துவிட்டு, பெறும் பிளகினில் இரண்டாகவே விட்டுவிட்டால், கமகம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இரண்டிலும் எல்லை ஒன்றாக இருத்தல் வேண்டும். மற்றொன்று: இக்கட்டளை ஒரு சானல் முழுவதையும் வளைக்கும். வயலினையும் தம்புராவையும் ஒரே சானலில் வைத்து வாசித்தால், வயலின் வளையும்போது சுருதியும் கூட வளையும்! இரண்டுக்கும் தனித்தனிச் சானல் கொடுப்பதே முறை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சானல் அளிக்கும் புதிய விதிமுறை ஒன்று 2018ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு அறிமுகமான மிடியின் இரண்டாம் பதிப்பில், கண்ட்ரோலரின் படிகளும் 128 என்ற அளவைக் கடந்து பல கோடிகளாகப் பெருகியுள்ளன. எனினும் பழைய மிடி இன்றும் வழக்கிலிருந்து போகவில்லை. அதனைத் தெரிந்து வைத்திருப்பது வீண் போகாது.

இனிக் கதையின் முடிவைச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி மீண்டும் வந்தார். இம்முறை நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அரும்பாடு பட்டுத் திருத்திய அந்த ஏற்பாட்டை, பதிவின்போது முழுவதும் அணைத்து வைத்தோம். தம்புரா ஒரே அளவில், ஏற்றமும் தாழ்வும் இல்லாமல், நிலையாக ஒலித்தது. பாட்டி பாடினார். குரல் தனித் தடத்தில் பதிவாயிற்று. அவர் விடைபெற்றுச் சென்ற பிறகு, அந்தக் குரலை ஓடவிட்டு, அதிலிருந்து பிறந்த கட்டளைகளைத் தம்புராத் தடத்தில் எழுதிக்கொண்டோம். ஓரிரண்டு இடங்களில் எண்களைக் கையாலும் திருத்தினோம். தம்புரா நாங்கள் விரும்பியபடியே குரலுக்குப் பின்னால் நடந்து வந்தது.

இதுவே நாங்கள் கற்ற பாடம். கட்டளைகளை எப்பொழுது வேண்டுமானாலும் திருத்தலாம். பத்து முறை அழித்து எழுதலாம். அடுத்த ஆண்டு வேறொரு தம்புராவையும் மாற்றி வைக்கலாம். பாடுகின்ற குரலை அவ்வாறு செய்ய இயலாது. எனவே பாடுபவர் முன்னே அமர்ந்திருக்கும் வேளையில் அவருக்கு நிலையான சுருதியைக் கொடுப்பதே நம் கடமை. நுட்பங்கள் பிறகு வரட்டும். நேயர்களுள் எவரேனும் தம் வீட்டு முதியவர்களின் பாட்டைப் பதிவு செய்ய எண்ணியிருந்தால், இந்த ஒரு வார்த்தையை மட்டுமாவது நினைவில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மற்றொன்றும் சொல்ல வேண்டும்: அதனை அடுத்த விடுமுறைக்கென்று ஒத்திப்போட வேண்டாம்.

அன்று பாட்டி முதலிரண்டு கண்ணிகளையும் குறைவறப் பாடினார். மூன்றாவதில் இரண்டு அடிகள் வந்தன. எஞ்சிய இரண்டு அடிகளுக்குச் சொல் வரவில்லை. அவர் நிறுத்தவில்லை, அந்த மெட்டை அப்படியே முனகிக்கொண்டு போய் முடித்தார். முனகலை வெட்டிவிடலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். கோப்பில் அது அவ்வாறே இருக்கிறது. அந்த இடத்தில் குரல் தணிகிறது. தம்புரா 70க்கு இறங்கி, நிற்காமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது.